ஒரே உலை, யார் வைத்த உலை?

வெளியூரில் நான் வாடிப்பட்டிக்காரி என்று சொன்னால் உடனே இரண்டு விஷயங்களைக் கேட்பார்கள். ஒன்று வாடிப்பட்டி மேளம், இன்னொன்று ஆரோக்கிய அன்னை கோயில். எங்கள் வீடு கிறித்தவ வீடு இல்லை. ஆனாலும் ஆகஸ்டு கடைசியில் கோயிலில் கொடியேறிவிட்டால், செப்டம்பர் 8 முடிவதற்குள் ஒருநாளாவது அம்மா எங்களை அங்கே கூட்டிப்போய்விடுவார். மெழுகுதிரி ஏற்றுவோம், தேர்பவனி பார்ப்போம், பொரி வாங்கிக்கொண்டு திரும்புவோம். "எல்லாச் சாதி சனமும் வர்ற இடம்டீ இது" என்பார் அம்மா. நானும் நம்பினேன்.

மேளத்தை நான் அறிந்தது வேறு விதமாக. எங்கள் அப்பத்தா இறந்த அன்று மேளக்காரர்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். எந்த டம்ளர் என்று அத்தைதான் எடுத்துக்கொடுத்தார். எனக்கு அப்போது பதினோரு வயது. ஏன் அந்த டம்ளர் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுகிறவள் அந்தச் சிறுமிதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆன்மிகம், சமூக நீதி, கலை மூன்றையும் ஒரே பந்தலுக்குக் கீழே கொண்டுவரும் விழாக்களைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். இங்கிலாந்தில் 1974இல் தொடங்கிய கிரீன்பெல்ட் விழாவை முன்மாதிரியாகக் காட்டுகிறவர்கள் உண்டு. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள தலித் ஆதார மையம் தொண்ணூறுகளில் தலித் கலை விழாக்களை நடத்தியது. சாவு வீட்டுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கப்பட்ட பறை, இறையியல் கல்லூரி வளாகத்தில், விழாவின் நடுவில் ஒலித்தது. வழிபாட்டையும் போராட்டத்தையும் கூத்தையும் ஒன்றாகச் சேர்க்க முடியும் என்று காட்டிய விழாக்கள் அவை. அவற்றை மதிக்கிறேன். மதிப்பதால்தான் விமர்சிக்கவும் செய்கிறேன்.

எந்த விழாவையும் எடைபோட எனக்கு மூன்று கேள்விகள் போதும். மேளம் யார் கையில் இருக்கிறது? தேர் எந்தத் தெருவில் போகிறது? உலை யார் கையில் இருக்கிறது?

முதலில் மேளம். தமிழ்க் கிறித்தவப் பாட்டின் வரலாற்றைப் பார்த்தால், ஒரு கலைப்படைப்பு சேர்த்துக்கொள்கிறவர்களை அதைப் படைத்தவர் சேர்த்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குறவஞ்சி என்ற வடிவமே குறத்தியை மேடையின் நடுவில் நிறுத்துகிற வடிவம். மலையையும் நாட்டையும் சொல்லி, கைபார்த்துக் குறி சொல்லும் பெண்ணின் வாயால் கிறித்து பிறந்த செய்தி வருகிறது என்றால் எத்தனை பெரிய காரியம் என்று மாணவிகளுக்குப் பாடம் நடத்தும்போது நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் சபையில் எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார வேண்டும் என்று புதிய மிஷனரிகள் வற்புறுத்தியபோது, அதை எதிர்த்து 1829இல் 'சாதி திருத்தலின் பயித்தியம்' எழுதியவரும் அவரேதான். பாட்டுக்குள் வந்த குறத்தி கோயிலுக்குள் எங்கே உட்காருவாள் என்ற கேள்வியைக் குறவஞ்சி கேட்கவில்லை. வகுப்பில் நானும் பல வருடம் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் தியோபிலஸ் அப்பாவு. பரட்டை என்ற பெயரில் பாட்டுக் கட்டியவர், அரசரடிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், 2005இல் காலமானார். கர்நாடக இசைக் கீர்த்தனையும் மேலைநாட்டு ஞானப்பாட்டும் ஆண்டுகொண்டிருந்த வழிபாட்டுக்குள் நாட்டுப்புற மெட்டையும் கிராமத்துப் பேச்சையும் கொண்டுவந்தார். நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவர்கள் தங்கள் தேவைக்கு மாற்றிப் பாடிக்கொள்ளலாம், ஆகவே அது ஒடுக்கப்பட்டவர்களின் கையில் நிற்கும் என்பது அவருடைய வாதம்.

அவர் கடவுளை அழைக்கத் தேர்ந்த சொல்லை ஒரு தமிழாசிரியையாக நான் ரசிக்கிறேன். பிதா என்று நிறுத்திக்கொள்ளாமல் 'பெத்தவர்' என்ற சொல்லை எடுத்தார். பிதா என்றால் ஆண் மட்டும். பெத்தவர் என்றால் அம்மாவும் வருவார், அப்பாவும் வருவார். அதோடு, பெறுதல் முதலில் தாயின் வினை. வலி தெரிந்த சொல் அது. ஞானஸ்நானப் பெயரோடு சாதிப் பெயரையும் சுமக்கிற ஒரு கிராமத்துப் பெண், இதுவரை கோயிலில் கேட்காத தன் வீட்டுச் சொல்லைக் கேட்கிறாள். ஒரே சொல்லில் சாதியையும் ஆண்மையையும் அசைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மேளத்தைப் பெண்ணின் கையில் கொடுத்தது திண்டுக்கல் சக்தி கலைக்குழு. சந்திரா என்ற கத்தோலிக்கத் துறவி தொடங்கியது. தலித் கிராமங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் அங்கே தங்கிப் பறையும் ஆட்டமும் கற்கிறார்கள், ஊர் ஊராகப் போய் நிகழ்த்துகிறார்கள். அப்பாவுவின் இசையைப் பற்றி நூல் எழுதிய அமெரிக்க ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் இந்தக் குழுவைப் பற்றி ஆவணப்படமும் எடுத்திருக்கிறார். பறை தோலால் ஆனது என்பதால் தீட்டு, பெண் மாதவிலக்காவதால் தீட்டு. இரண்டு தீட்டும் ஒரே மேடையில் தலைநிமிர்ந்து ஆடும்போது பார்க்கிறவர்களுக்குள் எதுவோ உடைகிறது. எனக்குள் உடைந்தது அந்த டம்ளர்.

ஆனால் கைதட்டிவிட்டு எழுந்து வந்துவிட எனக்கு மனமில்லை. என் மாணவி ஒருத்தி பறை கற்றுக்கொண்டு கல்லூரி விழாவில் அடித்தாள். மறுநாள் அவளுடைய அம்மா என்னைப் பார்க்க வந்தார். சண்டை போடவில்லை. "இந்தப் பேரு போகணும்னுதான் டீச்சர் எங்க வீட்டுக்காரர அடிக்கப் போகாதீங்கன்னு நிறுத்தினேன். நீங்க எல்லாரும் கைதட்டுறீங்க. கல்யாணம் பேச வர்றவங்க கைதட்டுவாங்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பறை விடுதலையின் கருவி என்று சொல்ல எனக்கு நட்டமில்லை. அதை என் வீட்டில் யாரும் சுமந்ததில்லை. அடிப்பேன் என்று சொல்கிற மகளுக்கும் அடிக்காதே என்று சொல்கிற அம்மாவுக்கும் ஒரே விழாவில் இடம் இருக்க வேண்டும். அம்மாவைப் பிற்போக்கு என்று சொல்லி வெளியே நிறுத்தும் விழா, எங்கள் வீட்டு வாசலைத்தான் வேறு இடத்தில் கட்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. பறை மேடையேறிய அளவுக்கு ஒப்பாரி ஏறவில்லை. பறை ஆண்கள் கையிலிருந்த கலை, ஒப்பாரி பெண்கள் வாயிலிருந்த கலை. ஆண்களின் கலையைப் பெண்கள் கற்பதைப் புரட்சி என்கிறோம். பெண்களின் கலையை அழுகை என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

அடுத்தது தெரு. தேர்பவனி என்பது எந்தத் தெரு ஊரைச் சேர்ந்தது என்று ஊருக்கே வரைந்து காட்டும் படம். 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்ட பிரச்சினை கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஒரே மாதாவை வணங்குகிறவர்களுக்குள் நடந்தது இது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையிலேயே ஒப்புக்கொண்டது. வெளியே வந்தால் சட்டமும் கைகொடுப்பதில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவர்கள் இன்றுவரை வெளியே. கோயிலுக்குள் சாதி உண்டு, அரசாங்கக் கோப்பில் இல்லை. இந்த இரட்டை வலியைப் பேசாமல் சமூக நீதி விழா என்று பதாகை கட்டினால் அது பதாகை மட்டும்தான்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் மதுரையிலிருந்துதான் வெளிவந்தது. கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்த ஒரு தலித் பெண், மடத்துச் சுவருக்குள் சாதி எப்படி மூச்சுவிடுகிறது என்று எழுதினார். கலையும் விசுவாசமும் நீதியும் ஒன்றுசேர்ந்த நூல் என்று இன்று அதைப் பாடத்திட்டத்தில் வைக்கிறோம். ஒன்றை மறக்கக் கூடாது. அதை எழுத அவர் வெளியேற வேண்டியிருந்தது. உள்ளே இருந்துகொண்டே அதைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு இடம் கொடுக்கிற விழாவை நாம் இன்னும் கட்டவில்லை.

கடைசியாக உலை. அப்பாவுவின் இறையியலில் எனக்கு மிகவும் பிடித்ததும் மிகவும் உறுத்துவதும் இதுதான். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதைத்தான் அவர் நற்கருணையின் உண்மையான பொருளாகப் பார்த்தார். சாதியின் உயிர் சோற்றில் இருக்கிறது. யார் சமைத்ததை யார் சாப்பிடலாம் என்பதில் இருக்கிறது. அதனால் ஒரே உலை என்பது வெறும் உவமையாக நிற்காமல் சாதியின் கழுத்தைப் பிடிக்கும் செயலாகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் உலை தானாகக் கொதிக்காது. ஒரு வருடம் பக்கத்து ஊரில் நடந்த இப்படியொரு விழாவில் கவிதை வாசிக்கப் போயிருந்தேன். அழைப்பிதழில் சமத்துவ விருந்து என்று போட்டிருந்தார்கள். மேடையில் நான், பேராசிரியர்கள், பாட்டுக்குழு. பந்தலுக்குப் பின்னால் அடுப்படியில் பதினைந்து இருபது பெண்கள் அரிசி களைந்தார்கள், வெங்காயம் உரித்தார்கள், கஞ்சி வடித்தார்கள். பெண் விடுதலை பற்றிய என் கவிதை ஒலிபெருக்கி வழியாக அவர்களுக்கும் கேட்டிருக்கும். இரவு கைகழுவப் போனபோது அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் நிகழ்ச்சி எப்படியிருந்தது என்று கேட்டேன். "சத்தம் கேட்டுச்சு தாயி, எங்க பாக்க?" என்றார்.

சாதியை உடைத்த உலையை எடுத்து வைத்தது பெண்ணின் கை. வட்டமாக உட்கார்ந்தவர்களை அப்பாவுவின் பார்வை பார்த்தது. வட்டத்துக்கு வெளியே குனிந்து பரிமாறியவளை அந்த அளவுக்குப் பார்க்கவில்லை. இது அவரைத் தள்ளிவிடக் காரணம் ஆகாது. பாடுகிறவர்கள் மாற்றிப் பாடலாம் என்று அவரே சொன்னதால், அவருடைய உலையையும் நாம் மாற்றி வைக்கலாம். ஆண்கள் சமைக்கட்டும் என்று சொன்னால் பாதி விடைதான். அரிசி வாங்கும் பணக்கணக்கு, நிகழ்ச்சி நிரல், யார் பேசுவது என்கிற முடிவு எல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து தீர்மானிக்கப்படட்டும். அதுவரை மேடை காத்திருக்கட்டும்.

காத்திருத்தல் என்றதும் மிரியாம் நினைவுக்கு வருகிறாள். யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தில் செங்கடலைக் கடந்ததும் மேளத்தை எடுத்துக்கொண்டு பெண்களை ஆடவைத்தவள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைத் தம்புரு என்றதால் நம்மில் பலர் தந்திக்கருவி என்று நினைத்துக்கொள்கிறோம். அவள் கையில் இருந்தது தோல்கருவி. எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தில் அதே மிரியாமும் ஆரோனும் மோசேக்கு எதிராகப் பேசுகிறார்கள். தொழுநோய் வந்தது மிரியாமுக்கு மட்டும். பாளையத்துக்கு வெளியே ஏழு நாள் ஒதுக்கிவைக்கப்பட்டதும் அவள்தான். அவள் மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மோசே கட்டிக்கொண்ட எத்தியோப்பியப் பெண்ணைக் குறைசொல்லித்தான் அவள் பேச்சைத் தொடங்குகிறாள். தான் ஒடுக்கப்பட்டவளாக இருந்தும் தன்னைவிட அந்நியமான ஒருத்தியைத் தள்ளிவைக்கும் பெண்ணை எனக்குத் தெரியும். பதினோரு வயதில் அவள் கையில் ஒரு டம்ளர் இருந்தது.

அந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது தண்டனைக்குப் பிறகு வரும் சின்னச் செய்தி. மிரியாம் திரும்பி வரும்வரை ஜனங்கள் பயணம் புறப்படவில்லை. மோசே இருந்தார், ஆரோன் இருந்தார், கூடாரங்களைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம். மேளம் வைத்திருந்தவள் வெளியே இருந்ததால் ஊரே நின்றது.

அடுத்த செப்டம்பரிலும் எங்கள் ஊரில் கொடியேறும். நானும் போவேன். எல்லோரும் வருகிற இடம் என்று அம்மா சொன்னது பொய்யில்லை, எல்லோரும் வருகிறார்கள். யார் வந்து சேரும்வரை தேர் நிற்கிறது என்பதை மட்டும் இந்த முறை கவனித்துப் பார்க்கப்போகிறேன்.