ஒரு நாள் கடலா, ஓராண்டு உழைப்பா?

2022 செப்டம்பர் 8, கலிஃபோர்னியாவின் லோயர் டிரெஸ்டில்ஸ். ஆண்டு முழுக்கப் புள்ளிகள் சேர்த்து முதலிடத்தில் இருந்த ஹவாயின் கரிசா மூர், உலகப் பட்டத்துக்கான கடைசி மோதலுக்குக் காத்திருந்தார். ஐந்தாம் இடத்திலிருந்த ஆஸ்திரேலியாவின் ஸ்டெஃபனி கில்மோர், வரிசையாக மூன்று பேரை வீழ்த்திவிட்டு வந்து மூரையும் 2-0 என்ற சுற்றுக்கணக்கில் வென்றார். கில்மோருக்கு அது எட்டாவது பட்டம். பெண்கள் அலைச்சறுக்கில் அதுவரை யாரும் எட்டாத உயரம். 34 வயதில் ஒரே நாளில் ஐந்து சுற்றுகளையும் வென்ற அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். என் வருத்தமெல்லாம் ஆண்டுப் பட்டத்தை ஒரே நாளில் தீர்மானித்த விதியின் மீதுதான். அடுத்த ஆண்டும் மூரே முதலிடம்; அதே கடலில் கேரலைன் மார்க்ஸிடம் பட்டத்தைப் பறிகொடுத்தார்.

தொழில்முறை அலைச்சறுக்கு பிறந்ததே இதற்கு நேர்மாறான எண்ணத்தில். 1964-இல் சிட்னியின் மேன்லி கடற்கரையில் நடந்த முதல் உலகப் போட்டியில், ஒரே தொடரில் வென்றவர் சாம்பியன். அந்த முறையை மாற்றி, 1976-இல் ஃபிரெட் ஹெமிங்ஸும் ராண்டி ராரிக்கும் அமைப்பு ஒன்றைத் தொடங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்துவந்த பரிசுப் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டிப் பட்டம் தந்தார்கள். முதல் சாம்பியன் ஆஸ்திரேலியாவின் பீட்டர் டவுன்எண்ட், அந்த ஆண்டு ஒரு போட்டியைக்கூட வெல்லவில்லை. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் அந்த முறையின் பெருமை. எந்தக் கடலிலும் தாக்குப்பிடித்தவருக்குக் கிடைத்த பட்டம் அது.

ஐபிஎல்லிலும் லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணி இறுதியில் தோற்பதில்லையா என்று கேட்கலாம். அங்கே இரு அணிக்கும் ஆடுகளம் ஒன்றுதான். கடலில் ஒருவருக்கு வந்த அலை மற்றவருக்கு வராது. ஒவ்வொரு அலைக்கும் ஐந்து நடுவர்கள் பத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள்; மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் நீக்கிவிட்டு மீதி மூன்றின் சராசரி எடுக்கப்படும். வீரரின் சிறந்த இரண்டு அலைகள் மட்டுமே கணக்கு. கடைசி ஐந்து நிமிடத்தில் ஏழு மதிப்பெண் வேண்டும், அலையைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமையும் கையில் இருக்கிறது, ஆனால் கடல் தட்டையாகக் கிடக்கிறது என்றால் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. பல கடல்களில் பல மாதம் ஆடும்போதுதான் இந்த அதிர்ஷ்டக் கணக்கு ஓரளவு நேராகும்.

ஒருநாள் இறுதியை 2021-இல் கொண்டுவந்ததற்குப் பரபரப்பு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பழைய முறையில் அது இல்லாமலா போயிற்று? 1995-இல் பட்டப் போட்டி கடைசித் தொடரான ஹவாயின் பைப்லைன் வரை நீண்டது. அரையிறுதியில் ராப் மச்சாடோ அலைக்குழாயிலிருந்து வெளியே பாய்ந்து, எதிராளி கெல்லி ஸ்லேட்டரின் கையைத் தட்டிவிட்டுப் போனார். அந்தச் சுற்றையும் தொடரையும் பட்டத்தையும் வென்றவர் ஸ்லேட்டர். 2003-இல் அதே பைப்லைனில் ஆண்டி அயர்ன்ஸ் ஸ்லேட்டரைப் பின்தள்ளிப் பட்டம் வென்றார்.

ஆண்கள் பிரிவில் 2021 முதல் 2025 வரை ஐந்து முறையும் தரவரிசை முதல்வரே இறுதியிலும் வென்றார். அதனால் அங்கே விதியின் கோளாறு வெளியே தெரியவில்லை. விலை கொடுத்தவர் மூர். ஐந்து உலகப் பட்டங்களோடு நிற்கும் அவருக்கு, பழைய கணக்குப்படி ஏழு.

2026 முதல் மீண்டும் புள்ளிக்கணக்கே பட்டத்தைத் தீர்மானிக்கும் என்று உலக அலைச்சறுக்கு லீக் அறிவித்தது. கடைசிப் போட்டி பைப்லைனில். அதற்கு ஒன்றரை மடங்குப் புள்ளி. அந்த அரை மடங்குகூட எனக்கு உறுத்தல்தான். ஆனாலும் முன்னிலையில் இருப்பவர் ஆண்டு முழுக்கச் சேர்த்த புள்ளிகளோடு கடலில் இறங்குவார். மூருக்கு அந்த இரண்டு ஆண்டுகளிலும் கிடைக்காதது அதுதான்.