பால்மரங்களுக்கு நடுவே நகர்ந்த போர்முனை

1942 ஜனவரி இரண்டாம் வாரத்தில் மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலம் ஏறக்குறைய முழுவதும் ஒரே உத்தரவில் கைவிடப்பட்டது. அதற்கு முந்தைய வாரம், ஜனவரி 7 அன்று, சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் இருட்டோடு இருட்டாகச் சாலையைப் பிடித்துக்கொண்டு ஓடி 11ஆவது இந்திய டிவிஷனைச் சிதறடித்திருந்தன. எஞ்சிய சிப்பாய்களின் களைப்பை நேரில் பார்த்த தளபதி வேவல், இனி வட ஜொகூரில்தான் எதிர்த்து நிற்க முடியும் என்று தீர்மானித்தார். 11ஆம் தேதி கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. அடுத்த மூன்று நாட்களில் சிரம்பான், தம்பின் என்று பெரிய சண்டை எதுவுமின்றிப் பிரிட்டிஷ் படை தெற்கே விலகியது. படைத்தலைமையின் வரைபடத்தில் அம்புக்குறி ஒன்று இருநூறு கிலோமீட்டர் அளவுக்குக் கீழே இறங்கிற்று. அந்த அம்பு கடந்துபோன நிலத்தில் தோட்டங்களும் லயங்களும் அவற்றில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. அவர்களைப் பின்வாங்கச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை.

மலாயாப் போர் பற்றிய நூல்களுக்குக் குறைவில்லை. பிரிட்டனின் அதிகாரபூர்வ வரலாறு 1957இல் வூட்பர்ன் கிர்பியின் தலைமையில் வந்தது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவுக்காக லயனல் விக்மோர் எழுதினார். ஜப்பானியத் தரப்பில், படையெடுப்பைத் திட்டமிட்டவர்களுள் ஒருவரான சுஜி மசனோபு தம் நினைவுகளை எழுதினார். இவற்றில் ரப்பர்த் தோட்டம் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, ஆனால் மரமாகவும் நிழலாகவும் மறைவிடமாகவும் மட்டுமே. தோட்டம் என்பது சாலை, அரிசிக் கிடங்கு, கூலியாட்கள், குடியிருப்பு எல்லாம் சேர்ந்த ஓர் ஏற்பாடு. மலாயாவின் இரண்டு போர்களிலும் (ஜப்பானியப் படையெடுப்பு, 1948இல் தொடங்கிய அவசரகாலம்) போர்முனை எங்கே நிற்கும், எங்கே சாயும் என்பதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு இருந்தது. அதை அந்த நூல்கள் ஓரமாகவே விட்டுவிட்டன.

முதலில் நிலம். மலாயாவின் நடுமலைத்தொடர் நெகிரி செம்பிலானில் தணிந்து முடிகிறது. அதன் மேற்கே கடற்கரை வரை விரிந்த சமவெளியில் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஓடுகின்றன. கெமாஸில் கிழக்குக் கரைப் பாதை பிரிகிறது. நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் பிடித்து வரும் எந்தப் படையும் கெமாஸைத் தாண்டாமல் தெற்கே போக முடியாது என்பதைப் பள்ளிக்கூட வரைபடம் பார்த்தாலே சொல்லிவிடலாம். பிரிட்டிஷ் தளபதிகளும் அப்படித்தான் கணக்கிட்டார்கள். சாலையில் தடுப்பு போட்டுவிட்டால் எதிரி நிற்பான் என்று நம்பினார்கள்.

ஜப்பானியருக்குச் சாலையும் வேண்டியிருந்தது, சாலைக்கு வெளியிலும் வழி தெரிந்திருந்தது. ஒரு பிரிவு முன்னால் நின்று சுட்டுக்கொண்டிருக்கும். மற்றொரு பிரிவு பக்கவாட்டில் தோட்டத்துக்குள் புகுந்து சுற்றி வந்து பின்னால் சாலையை அடைக்கும். இந்த உத்திக்கு மலாயாவில் கிடைத்த மிகப் பெரிய துணை தோட்டச் சடக்குகள். பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோகவும், ஷீட்டு ரப்பரை ரயிலுக்கு ஏற்றவும் துரைமார்கள் போட்ட செம்மண் வழிகள் ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு இணைந்து ஓடின. அடர்காட்டில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் நகரவே திணற வேண்டிய சிப்பாய், இந்த வழிகளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். ஜப்பானில் செய்த மலிவுச் சைக்கிள்கள் போருக்கு முன்பே மலாயா எங்கும் விற்பனையாகி இருந்ததால் உதிரிச் சாமான்களுக்கும் பஞ்சமில்லை. டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தக் கடகடப்பு டாங்கி வருவதுபோல் கேட்டதால் எதிர்த்தரப்பு பீதியடைந்தது என்று சுஜி எழுதுகிறார்.

தற்காத்து நின்றவர்களுக்கோ தோட்டம் எதிரியாக இருந்தது. வரிசையாக நட்ட மரங்களுக்கு இடையே நூறு மீட்டருக்கு அப்பால் தெளிவாகத் தெரியாது. பகலிலும் மங்கிய வெளிச்சம், எந்நேரமும் ஈரச் சொட்டு. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றுகூட பிடிபடாது. போருக்கு முன் பதுங்குகுழிகளும் தடுப்புகளும் கட்ட ஆள் தேடியபோது, இராணுவம் தர அனுமதிக்கப்பட்ட கூலி வெளிக்கூலியைவிடக் குறைவாக இருந்ததால் போதிய ஆள் சேரவில்லை. ரப்பர் அப்போது பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தந்த சரக்கு. உற்பத்தியைக் கூட்டச் சொன்னதும் நாட்டைக் காக்கச் சொன்னதும் ஒரே லண்டன்தான். இரண்டில் எது முந்தும் என்று கடைசிவரை அது முடிவு செய்யவே இல்லை. மலாயாவின் வீழ்ச்சிக்கான காரணங்களை அடுக்குகிறவர்கள் விமானப் பற்றாக்குறையை முதலில் வைப்பது சரிதான். இந்த முடிவெடுக்காமையையும் அதற்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

கெமாஸுக்கு மேற்கே, தம்பின் சாலையில், கெமெஞ்சே ஆற்றின் மரப்பாலத்தில் ஆஸ்திரேலியரின் 2/30ஆவது பட்டாளம் ஜனவரி 14 அன்று பதுங்கியிருந்தது. பட்டாளத் தலைவர் கேலகன். பாலத்தருகே இருந்த பி கம்பெனிக்குத் தலைவர் கேப்டன் டஃபி. மாலை நான்கு மணியளவில் ஜப்பானியச் சைக்கிள் படை கூட்டங்கூட்டமாக வந்தது. துப்பாக்கிகள் சைக்கிள்களில் கட்டிக்கிடந்தன. இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பாலத்தைத் தாண்டவிட்டு, பின்னால் வந்த கூட்டம் பாலத்தை நிறைத்தபோது டஃபி வெடிவைக்கச் சொன்னார். பாலமும் அதன்மேல் இருந்தவர்களும் சிதறினார்கள். சாலையில் தேங்கி நின்றவர்கள்மேல் இருபுறத்திலிருந்தும் குண்டு மழை. மொத்தம் இருபது நிமிடம். அடுத்து பீரங்கி முழங்கி, எதிர்க்கரையில் நெருக்கியடித்து நின்ற மற்ற ஜப்பானியரைத் தாக்கியிருக்க வேண்டும். முழங்கவில்லை. பாலத்தைத் தாண்டிப்போன சைக்கிள்காரர்கள் சாலையோரம் கிடந்த தொலைபேசிக் கம்பியைக் கண்டு அறுத்துவிட்டிருந்தார்கள். பாலம் சில மணி நேரத்தில் செப்பனிடப்பட்டது. மறுநாள் ஜப்பானிய டாங்கிகள் அதன்மேல் ஏறி கெமாஸை நோக்கி வந்தன.

அறுந்த கம்பியின் விலை என்ன என்பது இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து இன்னொரு ரப்பர்த் தோட்டத்தில் தெரியவந்தது. 1966 ஆகஸ்ட் 18, தென்வியட்நாமின் லோங் டான். மீண்டும் ஆஸ்திரேலியர், அடை மழை, 108 பேர் கொண்ட ஒரு கம்பெனியைப் பல மடங்கு பெரிய படை சூழ்ந்துகொண்டது. அங்கே அவர்களோடு இருந்த நியூசிலாந்து பீரங்கி அதிகாரியின் வானொலி வேலை செய்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் மரங்களினூடே வந்து விழுந்தன. ஆஸ்திரேலியர் 18 பேர் இறந்தும் கம்பெனி தப்பியது. மறைப்பு மிகுந்த நிலத்தில் போர்முனையை நிறுத்திவைப்பது, பின்னால் இருப்பவனோடு பேச முடிகிற வசதிதான் என்பதற்கு இந்த இரண்டு தோட்டங்களைப் போல் பொருத்தமான சோடி கிடைப்பது அரிது.

கெமாஸில் தடுத்தது வீணாயிற்று. ஆஸ்திரேலியரின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் 15ஆம் தேதி பல டாங்கிகளை நொறுக்கிய அதே வேளையில், மேற்கே மூவார் ஆற்றோரம் ஜப்பானியக் காவற்படை டிவிஷன் 45ஆவது இந்தியப் பிரிகேட்டை உடைத்துக்கொண்டிருந்தது. மத்தியக் கிழக்குப் போருக்கென்று திரட்டிய இளம் ஆட்கள் அவர்கள். பக்கவாட்டு முறிந்ததும் கெமாஸில் வென்றவர்களும் பின்வாங்க வேண்டியதாயிற்று. ஜனவரி 31 அன்று ஜொகூர் பாலம் தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது.

படை வரலாறு இங்கே சிங்கப்பூருக்குப் போய்விடுகிறது. தோட்டத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

துரைமார்கள் காரில் தெற்கே போய்விட்டார்கள். சில இடங்களில் ரப்பர் இருப்பைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பங்கைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கி உண்ட நாடு. தோட்டத்துக்கு அரிசி கம்பெனிக் கணக்கில் வந்தது. கணக்கு எழுதும் துரை இல்லை, பாலை வாங்க ஆள் இல்லை, கப்பல் இல்லை. மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று, சாக்கு உடையாயிற்று. கொய்னா கிடைக்காததால் மலேரியா லயம் லயமாகப் புகுந்தது. மார்ச் மாதம் கோலா பிலா அருகே பாரிட் திங்கியிலும் ஜெலுபுவின் தித்தியிலும் ஜப்பானியப் படை சீனக் கிராமத்தவரைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது.

அதற்குள் போர்முனை பர்மாவுக்குப் போய்விட்டது. தோட்டத்திலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல். ஆனால் அந்தத் தூரமே தோட்டத்துக்கு எமனாக வந்தது. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல் வழியே சரக்கு அனுப்புவது ஆபத்தாகிவிடவே, சயாமிலிருந்து மலையைக் குடைந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவெடுத்தார்கள். 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்தார்கள். பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நின்றவர்களையும் படம் பார்க்கப் போனவர்களையும் லாரியில் ஏற்றினார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள், பெரும்பாலோர் தமிழர்கள், பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. கிழக்குக் கரை ரயில் பாதையின் தண்டவாளங்களும் பிடுங்கி அங்கேதான் கொண்டுபோகப்பட்டன. அதே ஆண்டு நேதாஜி வந்தார். தோட்டத்து இளைஞர்களும் இளம் பெண்களும் இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். ஒரே லயத்திலிருந்து ஒருவர் சயாமுக்கும் மற்றொருவர் இம்பால் போர்முனைக்கென்றும் புறப்பட்ட காலம் அது. போர்முனை விலகிப் போனால் நிம்மதி என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளைப் படிக்க வேண்டும்.

இதை எழுதிவைத்தவர்கள் இராணுவ ஆய்வாளர்கள் அல்லர், நாவலாசிரியர்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியவை இந்தத் துறையில் மூல ஆவணங்களுக்கு அடுத்த இடத்தில் வைக்கத் தக்கவை. ரெங்கசாமி ‘லங்காட் நதிக்கரை’யில் அவசரகாலத்தையும் எடுத்துக்கொண்டார்.

1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம் மலாயா முழுவதற்கும் வந்தது. இந்தப் போரில் முன்னணிக் கோடே கிடையாது. ஜெலுபு, பகாவ், ரொம்பின் பக்கங்களில் காடும் தோட்டமும் ஒட்டியே கிடப்பதால், பால்வெட்டுக்காரர் ஒருவரின் கடைசி மர வரிசையே எல்லையாக இருந்தது. காட்டுக்குள் இருந்த கெரில்லாக்களுக்கு அரிசியும் செய்தியும் அந்த வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். மரங்கள் கீறிக் கெடுக்கப்பட்டன. அடையாள அட்டைகள் பறித்துக் கிழிக்கப்பட்டன. உளவு சொன்னார் என்ற சந்தேகத்திலேயே கங்காணியும் கிராணியும் கொல்லப்பட்டார்கள். மறுபக்கம் போலீசின் சந்தேகம். இடதுசாரித் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய தோழர் பி. வீரசேனன் நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அரசு பொறுத்துக்கொண்ட மிதவாதச் சங்கம் பி. பி. நாராயணனின் தலைமையில் இதே மாநிலத்தில் வளர்ந்து, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு வழிவிட்டது.

1950இல் இராணுவ நடவடிக்கைகளின் இயக்குநராக வந்த ஹெரால்ட் பிரிக்ஸ், மலாயாவைத் தெற்கிலிருந்து வடக்காகச் சுத்தப்படுத்தத் திட்டமிட்டார். ஜொகூருக்கு அடுத்து நெகிரி செம்பிலான். ஐந்து இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், ஏறக்குறைய 450 புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டதை எல்லா நூல்களும் சொல்கின்றன. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ஆறு இலட்சம் பேர் அளவில் ஒன்றாகக் கூட்டிக் கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டதை அந்தோனி ஷார்ட் போன்ற சிலர் தவிர மற்றவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். தனித்தனியாகக் கிடந்த லயங்களைக் காலி செய்து, ஸ்டோருக்கும் ஆபீசுக்கும் பக்கத்தில் நெருக்கிக் குடிவைத்தார்கள். சுற்றிலும் முள்கம்பி, வாசலில் ஸ்பெஷல் காண்ஸ்டபிள்.

அந்த வாசலில்தான் உண்மையான போர்முனை இருந்தது. பால் குளிர்ந்த விடியலில்தான் நன்றாகச் சுரக்கும். வெயில் ஏற ஏறக் குறையும். ஊரடங்கு முடியும்வரை வேலிக்கதவு திறக்காது. திறந்ததும் வரிசை. வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், சைக்கிள் பம்பைக் கழற்றிக் காட்ட வேண்டும். பெண்களைச் சோதிக்கப் பெண்கள் இருந்தார்கள். உணவுத் தடை கடுமையான மாதங்களில் சோற்றுப் பொட்டலம்கூட வெளியே போகக் கூடாது. வெட்டுக்குப் போனவர் பாலெடுத்து எடை போட்டுத் திரும்பும்வரை பட்டினி. கடையில் வாங்கும் தகர டப்பாவைக் கடைக்காரரே ஓட்டை போட்டுத் தருவார், காட்டுக்குப் போய்ச் சேருமுன் கெட்டுவிடட்டும் என்று. சில இடங்களில் அரிசி விற்பதே நின்று, பொதுச் சமையலறையில் வேகவைத்த சோறாகவே அளந்தார்கள்; சோறு ஒரு நாளில் புளித்துவிடும். கெமெஞ்சேயில் ஜப்பானியரை வெடிவைத்துத் தகர்த்தும் நிறுத்த முடியவில்லை; காட்டுக்குள் இருந்த எதிரியை மலாயாவில் கடைசியில் நிறுத்தியது பெரும்பாலும் இந்தச் சோற்றுக் கணக்குதான். அந்தக் கணக்கின் சுமையைச் சுமந்தது வெட்டுக்காரரின் வயிறு.

1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதி முதல் ‘வெள்ளைப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் தளர்ந்தன. கோடாக நகராத போர்முனை இப்போது வண்ணத்தில் நகர்ந்தது. மாவட்டம் மாவட்டமாக வெள்ளை பரவி, 1960 ஜூலை 31 அன்று அவசரகாலம் முடிந்தது. மலாயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்சன் இந்த அனுபவத்தோடு வியட்நாம் போய் ஆலோசனை சொன்னார். அங்கே 1962இல் வேலி கட்டிய கிராமங்கள் அவசர அவசரமாக எழுந்தன. சைகோன் ஆட்சி கவிழ்ந்ததும் அவையும் சரிந்தன. மலாயாவில் வேலிக்குள் வேலையும் கூலியும் இருந்தன. கொரியப் போரால் ரப்பர் விலை ஏறியிருந்தது. அரிசியைக் கம்பெனி அளந்து தந்தது. இவற்றைத் தோட்டம் ஏற்கெனவே ஏற்பாடு செய்து வைத்திருந்தது. வியட்நாமிய நெல்விவசாயியைச் சுற்றி அப்படி எதுவும் இல்லை. தாம்சனைப் படிக்கிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

இன்றைய தரைப்போர்களைப் பார்க்கிறவர்களுக்கும் நெகிரி செம்பிலானின் அனுபவம் அந்நியமாகத் தோன்றாது. உக்ரைனில் வயல்களுக்கு இடையே நட்ட மரவரிசைகளுக்குள்தான் பதுங்குகுழிகள் இருக்கின்றன. ட்ரோன்களின் கண்ணுக்குத் தப்ப ரஷ்யச் சிப்பாய்கள் மோட்டார் சைக்கிளில் பாய்கிறார்கள். ஈழத்தில் 2009இன் முதல் ஐந்து மாதங்களில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை முன்னணிக் கோடு நகர நகர மக்களும் அதனோடு தள்ளப்பட்டார்கள். முடிவில் வவுனியா மெனிக் பார்மின் கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். 1942இல் நெகிரி செம்பிலானில் மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, கோடு அவர்கள்மேல் ஏறி இறங்கிற்று.

இந்த ஒப்பீட்டை முறையாகச் செய்ய வேண்டுமானால் தோட்ட ஆபீசுகளின் செக்ரோல் (ஆள்பதிவு) புத்தகங்களும், அரிசிப் பங்கீட்டுக் கணக்குகளும், தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள மாவட்டக் கோப்புகளும் கெமாஸ் போர் அறிக்கைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கப்பட வேண்டும். 1942 ஜனவரியிலும் 1951இலும் ஒரு தோட்டத்தில் எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள், எத்தனை கட்டி அரிசி வாங்கினார்கள், எந்த மாதம் எத்தனை பெயர்கள் அடிக்கப்பட்டன என்பவை அவற்றில் பதிவாகும் செய்திகள். பல தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறும் வேகத்தில் ஆபீஸ் காகிதங்கள் எடைக்குப் போகின்றன. மலேசியத் தமிழாய்வு முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுதான்.