உப்பிலா உணவும் பேறுபெற்ற வாழ்வும்

நவீன வாழ்வில் சமய நம்பிக்கை மனிதருக்கு மகிழ்ச்சியும் பொருளும் தருகின்றதா? தருகின்றது, ஆகையால் நம்புங்கள் என்று விடையிறுப்பது பிரசங்க மேடைகளில் வழக்கமாகிவிட்டது. முற்காலத்தில் இவ்விடைக்கு விசுவாசிகளின் அனுபவமே சான்றாகக் காட்டப்பட்டது. இப்போது உளவியல் ஆய்வுகளும் துணைக்கு அழைக்கப்படுகின்றன. இவ்வாதம் உண்மையா என்பதோடு, நற்செய்திக்குப் பொருந்துமா என்பதையும் ஈண்டு ஆராய்வோம். ஆய்வுக்களமாக விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளக் கரையை எடுத்துக்கொள்கிறோம். கடும் உழைப்பும் பழந்தமிழ்ப் பாடலொன்றின் நினைவும் ஒருங்கே தங்கியிருக்கும் நிலம் அது.

1. ஆய்வுகள் கூறுவது

எட் டீனர், லூயிஸ் டே, டேவிட் மையர்ஸ் ஆகிய மூவர் 150க்கும் மேற்பட்ட நாடுகளின் மக்களிடமிருந்து திரட்டப்பட்ட விடைகளை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பசியும் பாதுகாப்பின்மையும் மிகுந்த நாடுகளில், சமயப் பற்றுள்ளோர் மற்றவரைவிட நல்வாழ்வு உணர்வு மிக்கவராய்க் காணப்பட்டனர். செல்வமும் பாதுகாப்பும் நிறைந்த நாடுகளிலோ இவ்வேறுபாடு பெரிதும் மறைந்துவிட்டது. சமயம் அளிக்கும் துணையும் மதிப்பும் வாழ்வுக்கு ஒரு நோக்கமுமே இந்நன்மைக்கு வழி என்பது அவர்கள் கண்ட விளக்கம். 2014இல் ஷிகெஹிரோ ஒயிஷியும் டீனரும் 132 நாடுகளை ஒப்பிட்டனர். ஏழை நாட்டினர் வாழ்க்கை மனநிறைவில் பின்தங்கினாலும், தம் வாழ்வுக்குப் பொருள் உண்டென்று கூறுவதில் செல்வ நாட்டினரை விஞ்சினர். சமயப்பற்று அதற்கு முக்கியமான காரணமாகத் தோன்றிற்று.

இவற்றை மேற்கோள் காட்டும் போதகர் இரண்டு உண்மைகளை மறத்தலாகாது. முதலாவது, மகிழ்ச்சியும் பொருளும் ஒன்றல்ல; ஒன்று குறைந்தவிடத்து மற்றொன்று நிறைந்திருக்கக்கூடும். இரண்டாவது, நம்பிக்கையின் மதிப்பு அது தரும் மகிழ்ச்சியே என்றால், வறுமை குறையக் குறைய அம்மதிப்பும் குறையவேண்டும். அவ்வாதத்தின்மீது கட்டப்படும் திருச்சபை, ஏழையின் துன்பம் நீங்குவதைக் கண்டு அஞ்சவேண்டிய நிலைக்கு வந்துவிடும். நம்பிக்கையைக் காக்க எழுந்த வாதம் நம்பிக்கையின் அறத்தையே அழிப்பது இங்குத்தான்.

2. உப்பளக் கரையில்

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கழுவெளிச் சதுப்பும் பக்கிங்காம் கால்வாயும் அருகிருக்க, மரக்காணத்துப் பாத்திகள் விரிந்து கிடக்கின்றன. உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, படியும் உப்பை வாரிக் குவிப்பது தொழில். வெண்மையில் எதிரொளிக்கும் வெயில் கண்ணை வருத்தும். உவர்நீர் காலை அரிக்கும். பிறருக்கு வாழ்வளிக்கும் வடகிழக்குப் பருவமழை இவர்களது வேலையை நிறுத்திவிடும். தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை 2022இல் செயற்படுத்தத் தொடங்கியது.

இத்தகைய வாழ்வில் ஜெபமும் திருவிழாவும் ஆறுதல் தருவது உண்மை. அதனை இகழ்வது கல்வியின் செருக்கு. ஆனால் துயரை மறக்கச் செய்வதே சமயத்தின் பணியென்றால், அப்பணியைச் செய்யப் போட்டியாளர் பலர் உளர். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்திற்குப் பத்துக்கு மேற்பட்டோர் பலியாயினர். மறதியை விற்பவர் எவ்வளவு விலை கேட்பர் என்பதற்கு அக்கரை சாட்சி. திருச்சபை விற்பதும் மறதிதான் என்றால், 1844இல் மார்க்ஸ் சமயத்தை அபினுக்கு ஒப்பிட்டதை மறுக்க நமக்கு வாயில்லை.

தமிழில் ‘பொருள்’ என்னும் சொல் செல்வத்தையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். வாழ்வில் பொருள் இல்லாதவனிடம் வாழ்வின் பொருளை மட்டும் கொடுத்துவிட்டு அகலுதல் ஆயர்ப்பணி ஆகுமா?

3. கதவடைத்து உண்ட குடும்பம்

ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, அவனது கடற்கரை நகராகிய எயிற்பட்டினத்தைக் குறிக்கிறது. அது இன்றைய மரக்காணம் என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். பாடிய நத்தத்தனார் அதற்கு அண்மையிலுள்ள இடைக்கழிநாட்டு நல்லூரினர். அப்பாட்டில், பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் தன் பழைய வறுமையைச் சொல்கிறான். இடிந்த அடுக்களையில் ஈன்ற நாய் பாலின்றிக் குரைக்கிறது. மெலிந்த பெண்ணொருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து, உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் காண்பதற்கு நாணிக் கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள்.

உப்பு விளையும் கரையைப் பாடிய பாட்டிலேயே உப்பில்லாத உணவும் இடம்பெற்றது எண்ணத்தக்கது. புலவர் அவ்வறுமையை அழகுபடுத்தவில்லை. அவள் உள்ளூர மகிழ்ந்தாள் என்றும் கூறவில்லை. நாணத்தை நாணமாகவே வைத்தார்; பகிர்ந்துண்ணும் அன்பையும் மறைக்கவில்லை. துன்புறுவோரைக் குறித்துப் பேசும் பிரசங்கங்களில் பல இந்த நேர்மையை எட்டுவதில்லை.

பசியறிந்தவன் பசித்தவனுக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படை. யாழ்ப்பாணத்து மெதடிஸ்த இறையியலாளர் டி. டி. நைல்ஸ் நற்செய்திப் பணியை விளக்கக் கையாண்ட உவமையும் இதுவே: உணவு கிடைக்குமிடத்தை இரவலன் ஒருவன் மற்றோர் இரவலனுக்குக் காட்டுகிறான். அங்கே பேசுகிறவன் மேடையில் நிற்கவில்லை. அவனும் அதே வழியில் நடந்தவன்.

உப்பில்லாத உணவைக் குறித்து யோபுவும் முறையிடுகிறார் (6:6). அந்நூலின் தொடக்கத்தில் சாத்தான் எழுப்பும் ஐயம் நம் வினாவுக்கு மிக நெருங்கியது: யோபு பயன் கருதாமலா இறைவனுக்கு அஞ்சுகிறான் (1:9)? நன்மை கிடைப்பதால் நம்பு என்று போதிப்பவர், தம்மை அறியாமலே சாத்தானின் கருத்துக்கு உடன்படுகின்றனர். யோபுவின் நூல் முழுவதும் அக்கருத்துக்கு எதிரான வழக்கு எனலாம்.

4. பாக்கியமும் உப்பும்

மலைப்பிரசங்கத்தின் தொடக்கச் சொல்லைப் பழைய தமிழ் வேதாகமம் ‘பாக்கியவான்கள்’ என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘பேறுபெற்றோர்’ என்றது. இரண்டுமே மகிழ்ச்சி என்னும் மனநிலையைக் குறிக்கும் சொற்கள் அல்ல. இறைவன் ஒருவரை எவ்விடத்தில் வைத்து நோக்குகிறார் என்பதையே அவை உணர்த்துகின்றன. துயருறுவோரைப் பேறுபெற்றோர் என்பது அவர்கள் உள்ளத்தை அளந்து கூறிய முடிவன்று; அவர்கள் பக்கம் நின்று அறிவித்த தீர்ப்பு.

இப்பகுதியின் அமைப்பும் கருதத்தக்கது. பத்தாம் வசனம்வரை படர்க்கையில் அமைந்த உரை பதினொன்றில் முன்னிலைக்கு மாறுகிறது. பதின்மூன்றிலேயே சீடர் உப்பாகச் சுட்டப்படுகின்றனர். பேறு பெற்றோர் உடனே பிறருக்குரியோர் ஆகின்றனர். உப்பு தனக்காக விளைவதன்று. தன்னை இழந்து கரைந்தே பயன்படுகிறது. வாழ்வின் பொருள் தனிமனிதன் சேமிக்கும் உடைமையன்று, அழைப்பு என்பதே இதன் கருத்து.

ஆகவே எம் முடிவு இது. நம்பிக்கை பலருக்கு மகிழ்ச்சி தருகிறது; அதற்காக நன்றி கூறுவோம். ஆயின் அதனை நம்பிக்கைக்குரிய ஆதாரமாக நாட்டவேண்டா. மகிழ்ச்சி வராத நாளிலும் இறைவனையும் அயலானையும் விடாதிருப்பதே நம்பிக்கை. ஆய்வாளர் கண்ட துணையும் மதிப்பும் வானிலிருந்து விழுவன அல்ல. சபை மக்கள் ஒருவருக்கொருவர் அளிப்பவை. மழைக்காலத்தில் வேலையிழந்த உப்பளக் குடும்பத்தின் வாசலுக்கு யார் சென்றார், யாருடைய கூலிக்காக யார் பேசினார், கதவடைத்து உண்பவரோடு யார் அமர்ந்தார்? மரக்காணத்தைப் போன்ற கரைகளுக்குத் திருப்பணியாற்றச் செல்லவிருக்கும் மாணவர் தம் முதற்பிரசங்கத்தை எழுதுமுன் இவ்வினாக்களுக்கு விடை தேடுவாராக.