கற்சிலுவை சொல்வதும் நாம் சொல்வதும்

ஜெர்மனி, போலந்து, செக் நாடு ஆகியவற்றின் நாட்டுப்புறச் சாலையோரங்களில் பழைய கற்சிலுவைகள் பல நிற்கின்றன. சிலவற்றில் வாளோ கோடரியோ பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலானவற்றில் எழுத்தே இல்லை. இவற்றைப் 'பரிகாரச் சிலுவைகள்' என்பர். கொலை செய்தவனே தன் கையால் செதுக்கினான், அதில் காணும் கருவியே கொலைக்கருவி என்றும் கதை கூறுவர். கதை உருக்கமானதுதான், ஆனால், அதனை அப்படியே ஏற்கலாமா?

கதைக்கு அடிப்படை உண்டு. இடைக்காலத்தில் கொலை பெரும்பாலும் இரு குடும்பங்களின் வழக்காகவே கருதப்பட்டது. பழிக்குப் பழி என்று விட்டுவிட்டால் ஊர் தாங்காது. ஆகவே, சமரச உடன்படிக்கை எழுதினர். கொன்றவன் இறந்தவன் வீட்டாருக்குப் பொருள் தரவேண்டும். ஆலயத்திற்கு மெழுகு அளிக்கவேண்டும். இறந்தவன் ஆன்மாவுக்காகப் பூசை செய்விக்கவேண்டும். சில வேளைகளில் கற்சிலுவையும் நாட்டவேண்டும். வழிப்போக்கர் அங்கே நின்று இறந்தவனுக்காக வேண்டினர். பகை தீர்ந்தது என்பதற்கும் அக்கல்லே ஊரறிந்த சான்றாயிற்று. 1532இல் பேரரசர் ஐந்தாம் சார்லசின் குற்றவியல் சட்டம் கொலையை நீதிமன்றத்தின் தண்டனைக்கு உரியதாக்கியது. அதன்பின் இவ்வழக்கம் படிப்படியாக மறைந்தது.

இன்று போலந்தில் உள்ள ஸ்டார்கார்டு நகரின் சிலுவை தன் வரலாற்றைத் தானே கூறுகிறது. 1542இல் ஹான்ஸ் பில்லெக்கே என்பவன் லோரென்ஸ் மாடர் என்பவனால் கொல்லப்பட்டான் என்றும், இருவரும் அக்காள் தங்கை மக்கள் என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. நம் முறைப்படி அண்ணன் தம்பிகள்! இங்கே ஐயத்திற்கு இடமில்லை.

பிழை எங்கே நேர்கிறது? பெயருள்ள சில கற்களின் வரலாற்றைப் பெயரில்லாத எல்லாக் கற்களுக்கும் ஏற்றும்போது நேர்கிறது. எழுத்தற்ற சிலுவை எல்லைக் கல்லாகவும் இருக்கலாம். விபத்தில் இறந்தவனின் நினைவாகவும் இருக்கலாம். பக்தியால் நாட்டியதாகவும் இருக்கலாம். போலந்து ஆய்வாளர் சிலரே இதனை எடுத்துக்காட்டிக் கண்டித்துள்ளனர். உடன்படிக்கை ஏடோ கல்லெழுத்தோ இன்றி ஒரு கல்லைக் கொலைக்குச் சான்றாக்குவது ஆராய்ச்சியாகாது. கொன்றவனே செதுக்கினான் என்பதும் அத்தகையதே. நாட்டும் கடமை அவனுடையது. செதுக்கும் தொழில் கல்தச்சனுடையது என்று கொள்வதே பொருத்தம்.

ஆசிரியராகிய நமக்கு இதில் பொறுப்புண்டு. வகுப்பில் கதையைச் சொல்லலாம். ஆனால், கதை என்றே சொல்லவேண்டும். கதையை நீக்கினாலும் இக்கற்களின் பெருமை குறையாது. பழிவாங்கத் துடித்த இரு வீட்டாரை ஊரார் ஒரு கல்லின்முன் அமைதிப்படுத்தினர் என்னும் உண்மை, எந்தக் கதையினும் பெரிது.