புள்ளியும் விதியும்

ஸ்டீபன் வோல்ஃப்ராம் 2002-ல் வெளியிட்ட 'ஒரு புதுவகை விஞ்ஞானம்' என்னும் ஆங்கில நூல் சுமார் 1,200 பக்கங்கள் கொண்டது. மிக எளிய விதியிலிருந்தும் மிகச் சிக்கலான விளைவு பிறக்கக்கூடும் என்ற ஒரே விஷயத்தை நிலைநாட்டவே அத்தனை பக்கங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. விஷயம் மெய்யானதே. ஆயினும் அவர் அதைச் சொன்ன விதத்தைப் பற்றியும், சொல்லாமல் விட்டதைப் பற்றியும் நாம் சிறிது பேசவேண்டியிருக்கிறது.

நூலின் உயிர்நாடியான சோதனையை ஒரு பள்ளிச் சிறுவனும் செய்து பார்க்கலாம். கட்டம் போட்ட காகிதத்தின் முதல் வரியில் ஒரே ஒரு கட்டத்தைக் கறுப்பாக்குக. அடுத்த வரியின் ஒவ்வொரு கட்டத்துக்கும், அதன் மேலுள்ள கட்டத்தையும் அதற்கு இருபுறமுள்ள இரண்டையும் பார்க்க. நடுக்கட்டமோ வலக்கட்டமோ கறுப்பாயின், இடக்கட்டத்தின் நிறத்துக்கு எதிர் நிறம் தீட்டுக. இரண்டும் வெள்ளையாயின் இடக்கட்டத்தின் நிறத்தையே தீட்டுக. விதி இவ்வளவே. இவ்வாறு மூன்று கட்டங்களைப் பார்த்து அமைக்கும் விதிகள் மொத்தம் 256. இது அவற்றில் 30-ம் எண் பெற்றது. நூறு வரிகள் தீட்டினால், ஒழுங்கு என்று சொல்லத்தகாத முக்கோணங்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடப்பதைக் காணலாம். அடுத்த வரி எப்படி அமையும் என்பதைத் தீட்டிப் பார்த்தன்றி எவரும் எளிதில் சொல்ல முடியாது.

மயில் தோகையையும் சங்கின் வரியையும் காட்டி, "ஒருவன் இருந்து வரையாமல் இது எப்படி வந்தது?" என்று கேட்டு வாயடைப்பது நம்மவரிடை நெடுங்கால வழக்கம். அக்கேள்வி தானாகவே வெற்றி பெறும் கேள்வியன்று என்பதை இக்கட்டங்கள் காட்டிவிடுகின்றன. இந்த மட்டில் நூலை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் சங்குகளின் ஓட்டை இத்தகைய கட்டப் படங்களோடு ஒப்பிடுமிடத்தில் ஆசிரியர் கால் அகல வைக்கிறார். ஒப்புமை வேறு, ருசு வேறு.

இனி, நூல் முழுதும் ஒலிப்பது 'நான்' என்னும் சொல். இக்கட்டக் கணக்கை 1940-களிலேயே தொடங்கிய வான் நாய்மன், உலாம் போன்ற முன்னோரைக் காணப் பெரும்பாலும் நூலின் பின்னிணைப்புக்கே போகவேண்டும். புக்கிட் காத்திலில் பொங்கலன்று வாசலில் புள்ளி வைக்கும் பெண்ணை நாம் நினைத்துக் கொள்கிறோம். புள்ளியைத் தொடாதே, ஒன்றையும் விட்டுவிடாதே, தொடங்கிய இடத்துக்கே திரும்பு என்ற மூன்று நிபந்தனைகளுக்குள் அவள் கம்பி இழுக்கிறாள். அதன் கீழ் அவள் பெயர் இல்லை. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகிய மூவர், சில மாற்றுவிதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக் கோலங்களைப் பிறப்பிக்கலாம் என்று 1974-லேயே எழுதினர். அடுப்படியைச் சேர்ந்தது என்று ஒதுக்கப்பட்ட ஒன்றில் கணிதம் இருப்பதைக் கண்டது அக்கட்டுரை.

நாம் சொல்ல வந்த முக்கியக் குறை இதன் பின்னதே. கட்டத்துக்கு விதியை எழுதியவர் யார் என்று நூல் கேட்பதில்லை. காகிதத்தில் அது வேண்டாத கேள்வியாயிருக்கலாம். ரப்பர் மரங்களின் வெள்ளை வேர்நோய், நோயுற்ற வேரை அண்டை மரத்தின் வேர் தொடுவதால் வரிசையோடு பரவுவது. அங்கே விதியை எழுதியது இயற்கை. ஆயினும் தோட்டத்தார் இடையில் அகழி வெட்டி அண்டையையே அறுத்துவிடுகின்றனர். மனிதர் விஷயத்திலோ அக்கேள்வியை விடவே முடியாது.

தாமஸ் ஷெல்லிங் 1971-ல் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்வோம். சதுரங்கப் பலகையில் இருவகைக் காசுகளைக் கலந்து வைத்து, அண்டையாரில் மூன்றிலொரு பங்கினர் தன் வகையாயிருந்தால் போதும், இல்லையேல் வேறிடம் போ என்று விதித்தால், எவரும் பிரிவினையை விரும்பாமலே பலகை இரு தெருக்களாகப் பிரிந்து விடும். அருமையான கண்டுபிடிப்பு! இதைக் கையிற் கொண்டு, "சேரியும் அக்ரகாரமும் இப்படியே தாமாக அமைந்தன, யார்மேலும் குற்றமில்லை" என்று ஒரு பண்டிதர் கிளம்புவாரானால் அவருக்கு நாம் என்ன சொல்வது? ஷெல்லிங்கின் காசு விரும்பினால் எழுந்து வேறு கட்டத்துக்குப் போகும். சேரிக்காரன் ஊர்த்தெருவில் வீடு கேட்டிருந்தால் உதை விழுந்திருக்கும். பொதுக்கிணற்றில் அவன் வாளியை விடலாகாது என்பது எவருடைய சிறு விருப்பமும் அன்று, கட்டளை. கடல் கடந்து மலாயாவுக்கு வந்த பின்னும் பல தோட்டங்களில் ஆதிதிராவிடருக்கு லயம் தனியாகவே இருந்தது. அந்த லயங்களை ஒதுக்கிக் கொடுத்தவை கண்ணுள்ள கைகள்.

ஆகவே இந்நூல் முழுவதையும் தமிழாக்க வேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம். சோதனைகளைக் கூறும் இரண்டாம், மூன்றாம் அதிகாரங்கள் மட்டும் நல்ல தமிழில், பெரிய படங்களோடு, மலிவு விலையில் வரட்டும். பன்னிரண்டாம் அதிகாரத்தின் பெரும் பிரகடனங்கள் காத்திருக்கலாம். அதுவரை கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் உள்ள பிள்ளைகள் மீதி 255 விதிகளையும் தீட்டிப் பார்க்கட்டும்.