எட்டு நிமிடம் பொறுத்தால் ரோஷீன் மர்ஃபி

"என்ன சார், கீறல் விழுந்த ரெக்கார்டா?" என்றார் நண்பர். பாடகி ரோஷீன் மர்ஃபியின் 'சிமுலேஷன்' பாட்டு ஓடத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் பதில் சொல்லவில்லை. பாட்டை நிறுத்தினேன், காபி கொடுத்தேன், மழை வருமா வராதா என்று பேசி அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகுதான் கோபம் வந்தது. இத்தனைக்கும் நல்ல ரசிகர் அவர். மூன்று மணி நேரக் கச்சேரியை எழுந்திருக்காமல் கேட்பார். பாடகர் ஒரே வரியை எடுத்துவைத்துக்கொண்டு கால் மணி நேரம் நிரவல் செய்தால் கண்ணை மூடித் தொடையில் தட்டுவார். ஹவுஸ் இசை என்றால் மட்டும் வாயாலேயே 'டொம் டொம்' என்று அடித்துக் காட்டிச் சிரிப்பு.

அந்த 'டொம் டொம்' ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரோஷீன் மர்ஃபியின் 'ரோஷீன் மெஷின்' ஆல்பம் 2020 அக்டோபர் 2ஆம் தேதி வெளிவந்தது. அன்றிலிருந்து எங்கள் சின்ன ரசிகர் கூட்டம் இதைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒருவரும் வருவதாகக் காணோம். ரொம்பக் கத்தினால் வரமாட்டார்கள் என்கிறாள் மனைவி. இருக்கலாம்.

முதலில் பெயர். எழுத்தைப் பார்த்து 'ராய்சின்' என்று படிக்கிறார்கள். ஐரிஷ் பெயர், ரோஷீன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் ரோஷீன், மெஷின் என்ற இயைபு காதில் விழும். தலைப்பிலேயே பாதி விளையாட்டு இருக்கிறது.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஹவுஸ் சிகாகோவில் பிறந்தது. 1977இல் திறந்த வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் ரெக்கார்டு போட்டார். கிளப் பெயரின் பின்பாதி இசைக்குப் பெயராகிவிட்டது. 1979 ஜூலையில் அதே ஊரின் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். டிஸ்கோ ஒழிந்தது என்று கொண்டாடினார்கள். ஒழிந்ததாகச் சொன்ன அதே சரக்கு, சில வருடத்தில் டிரம் மெஷினைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தது. நிமிடத்துக்கு 120 அடி, கொஞ்சம் முன்னே பின்னே. ஒவ்வோர் அடிக்கும் ஒரு கிக் டிரம். இதற்கு மேல் இலக்கணம் தேவையில்லை.

மர்ஃபி 1973இல் அயர்லாந்தின் ஆர்க்லோவில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு மான்செஸ்டருக்கு வந்தார். பெற்றோர் ஊர் திரும்பியபோது கூடப் போகாமல் தனியாகத் தங்கிவிட்ட பெண். பிறகு ஷெஃபீல்டு. அங்கே ஒரு பார்ட்டியில் மார்க் பிரைடன் என்பவரிடம் போய், என் இறுக்கமான ஸ்வெட்டர் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கேள்வியே 1995இல் இருவரும் சேர்ந்து 'மொலோகோ' என்ற பெயரில் போட்ட முதல் ஆல்பத்தின் தலைப்பானது. அதுவரை அவர் மேடையேறிய பாடகியே அல்ல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. நடனப் பாட்டில் இரண்டு ஜாதி உண்டு: நீட்டிய பாட்டு, நீளமாகவே பிறந்த பாட்டு. இது விளங்காதவரைக்கும் ஹவுஸ் உங்களுக்குக் கீறல் விழுந்த ரெக்கார்டாகத்தான் கேட்கும்.

நீட்டிய பாட்டு என்பது சாம்பாரில் தண்ணீர் ஊற்றுவது. மூன்று நிமிடப் பாட்டு ஒன்று தயாராக இருக்கும். முன்னால் ஒரு நிமிடம் வெறும் டிரம், பின்னால் ஒரு நிமிடம் வெறும் டிரம், நடுவில் பல்லவியை இன்னும் இரண்டு தடவை ஒட்டிவிட்டு 'எக்ஸ்டெண்டட் மிக்ஸ்' என்று எழுதிவிடுவார்கள். சோதிப்பது சுலபம். நடுவில் எங்கேயாவது இரண்டு நிமிடத்தைத் தாண்டிக் கேளுங்கள். எதையும் தவறவிட்ட மாதிரி இல்லையென்றால் அது நீட்டியது. நீளமாகப் பிறந்ததில் அப்படித் தாண்டினால், வழியில் தூங்கிப்போய் வேறு ஊரில் இறங்கினவன் மாதிரி முழிப்பீர்கள்.

இந்த நீளம் எப்படி வந்தது என்ற கதை எனக்கு அலுப்பதே இல்லை. 1970களின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்டன் என்ற மிக்ஸ் நிபுணர் ஒரு பாட்டுக்கு மாதிரித் தட்டு வெட்டப் போகிறார். ஏழு அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துவிட்டது. பொறியாளர் ஹொசே ரோட்ரிகஸ் இருப்பதில் பெரிய தட்டை எடுத்து வெட்டிக் கொடுக்கிறார். அவ்வளவு பெரிய தட்டில் கோடுகள் ஒரு ஓரமாகச் சுருண்டு கிடப்பது மோல்டனுக்குப் பொறுக்கவில்லை. பரப்பி வெட்டு என்கிறார். வெட்டிப் போட்டால் சத்தம் கூரையைத் தூக்குகிறது. கோடுகளுக்கு நடுவே இடம் அகன்றால் ஊசி தாராளமாக ஆடும், பாஸ் இறங்கும். பன்னிரண்டு அங்குலத் தட்டு இப்படித்தான் வந்தது. 1976இல் சல்சோல் கம்பெனி டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பர்சென்ட்' பாட்டை அந்த அளவில் கடைக்கே அனுப்பியது. சாதாரண ரசிகன் காசு கொடுத்து வாங்கக் கிடைத்த முதல் பன்னிரண்டு அங்குலம் அது. அதை மிக்ஸ் செய்த வால்டர் கிப்பன்ஸ் ஸ்டுடியோ ஆள் அல்ல. கிளப்பில் ரெக்கார்டு போடுகிறவர். பாட்டை ஒன்பது நிமிடத்துக்கு மேல் கொண்டுபோனார். ஜனம் எந்த இடத்தில் சூடாகும், எந்த இடத்தில் தண்ணீர் குடிக்கப் போகும் என்று அவருக்குத் தெரியும். நீளம் அங்கே ஆடம்பரம் இல்லை, ஆடுகிறவனின் மூச்சுக் கணக்கு.

இப்போது மர்ஃபியின் 'சிங் இட் பேக்' எந்த ஜாதி? இதை வைத்து நானும் இன்னொரு ரசிகரும் இரண்டு மாதம் பேசாமல் இருந்திருக்கிறோம். 1998இல் மொலோகோவின் 'ஐ ஆம் நாட் எ டாக்டர்' ஆல்பத்தில் வந்தபோது அது நிதானமான, கொஞ்சம் கோணலான பாட்டு. ஹாம்பர்க்கின் போரிஸ் ட்லுகோஷ் அந்தக் குரலை மட்டும் தூக்கிப் புதிய தாளத்தில் உட்காரவைத்தார். 1999இல் ஐரோப்பா முழுக்க ஓடியது அதுதான். நீட்டியது என்பார் அந்த ரசிகர். மறுபிறவி என்பேன் நான். மறுபிறவி எடுத்ததை நீளமாகப் பிறந்ததில்தானே சேர்க்க வேண்டும்? இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

'ரோஷீன் மெஷின்' முழுக்க நீளமாகப் பிறந்தது. முதல் பாட்டு 'சிமுலேஷன்' எட்டு நிமிடத்துக்கு மேல். தனிப்பாட்டாக அது 2012இலேயே வெளிவந்தது. கடைசிப் பாட்டு 'ஜெலசி' 2015இல். ஆக, ஆல்பம் எட்டு வருடம் ஊறிய ஊறுகாய். கூட வேலை செய்தவர் ஷெஃபீல்டின் ரிச்சர்ட் பாரட், ஊரில் டிஜே பேரட் என்பார்கள். எண்பதுகளில் ஜைவ் டர்க்கி என்ற கிளப் இரவுகளை நடத்தியவர்; 1990இல் ஸ்வீட் எக்ஸார்சிஸ்ட் என்ற பெயரில் வந்த 'டெஸ்டோன்' என்ற வாத்தியத் துண்டில் வேலை செய்தவர். ஆடுகளத்தில் நின்று தேய்ந்த செருப்பு அவருடையது.

வீட்டில் செய்து பாருங்கள். 'இன்கேப்பபிள்' போடுங்கள், 2019இல் தனியாக வந்த நீளமான வடிவம், சுமார் எட்டு நிமிடம். நாலு அடி ஒரு சுற்று. நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி என்பதால் சுற்றுக்கு இரண்டு நொடி. எட்டெட்டாக, பதினாறு பதினாறாக எண்ணிக்கொண்டே வாருங்கள். பதினாறு முடியும் இடத்தில் ஏதோ ஒன்று நுழையும், அல்லது ஏதோ ஒன்று விலகும். ஒரு கைத்தட்டல் கூடியிருக்கும், குரலுக்குப் பின்னால் அவர் குரலே இன்னொன்றாக வந்து நிற்கும். மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு எண்ண மறந்துவிடுவீர்கள். மறந்தால் சரியாகக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். பாட்டின் விஷயம் என்ன தெரியுமா? இதுவரை நெஞ்சு உடைந்ததே இல்லை என்கிறாள் ஒருத்தி; ஒருவேளை தனக்குக் காதலிக்கவே வராதோ என்று சந்தேகப்படுகிறாள். அழுகை இல்லை, உச்சஸ்தாயி இல்லை. கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொண்டே பேசுகிற குரல். கீழே தாளம் அவளைச் சட்டை செய்யாமல் போய்க்கொண்டே இருக்கிறது. மூன்று நிமிடத்தில் முடித்திருந்தால் அது வெறும் வாக்குமூலம். எட்டு நிமிடம் போவதால் சந்தேகம் உங்களையும் தொற்றுகிறது.

'கிங்டம் ஆஃப் எண்ட்ஸ்' இன்னும் பொல்லாதது. தலைப்பு தத்துவவாதி கான்ட்டிடமிருந்து வந்த சொல். டிரம் இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். காத்திருங்கள். பெரிய திருவிழா மேடைகளில் நிமிடத்துக்கு ஒரு 'டிராப்' போட்டுப் புகையும் நெருப்பும் கக்குகிறார்களே, அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தப் பாட்டு நல்ல மருந்து. பட்டாசு வெடிப்பது ரசனையில் சேராது.

'நார்சிசஸ்' ஓடும்போது வயலின்கள் ராட்டினமாகச் சுற்றும். தன் பிம்பத்திலேயே மயங்கிக் கிடப்பவனைக் கூப்பிடும் பெண்ணின் இடத்தில் நின்று பாடுகிறார். கிரேக்கக் கதையில் அவனை விரும்பிய எக்கோவுக்கு ஒரு சாபம் உண்டு: பிறர் சொன்னதன் கடைசிச் சொல்லை மட்டுமே அவளால் திருப்பிச் சொல்ல முடியும். திரும்பத் திரும்ப வருவது ஹவுஸில் ஏன் என்று கேட்ட நண்பருக்கு இந்த ஒரு பாட்டு போதும். கேட்டால்தானே.

'மர்ஃபீஸ் லா' பற்றிச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். சின்ன ஊரில் வெளியே கிளம்பினாலே பழைய காதலன் எதிரே வந்து நிற்கும் அவஸ்தை. நல்ல பாட்டு, இனிமையான பாட்டு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில் நுழைந்து இதிலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வீட்டைப் பார்த்தேன் என்றால் எப்படி?

விமர்சகர்கள் கதை தனி. 2020இல் துவா லிபா, ஜெஸ்ஸி வேர், கைலி மினோக் எல்லோரும் டிஸ்கோ பக்கம் வந்த வருடம் என்பதால், 'டிஸ்கோ மறுமலர்ச்சி' என்ற ஒரே மூட்டையில் மர்ஃபியையும் கட்டிப் போட்டுவிட்டார்கள். 2012இல் தொடங்கிய ஆல்பம் 2020இன் ஃபேஷனாம்! இன்னொரு கூட்டம் தொப்பியையும் உடையையும் பார்த்துப் பாடகி கிரேஸ் ஜோன்ஸ் மாதிரி என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது. குரலைப் பற்றி எழுத ஆளில்லை. மார்தா வாஷ், லொலியட்டா ஹாலவே போன்றவர்கள் தேவாலயப் பாட்டில் வளர்ந்த தொண்டையோடு கூரையைப் பிளந்தார்கள். அது ஒரு மகத்தான வழி. மர்ஃபி அந்தப் பக்கமே போவதில்லை. தாளத்தின் மேல் ஏறி நிற்காமல் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறார். 47 வயதில் அந்தக் குரலில் கொஞ்சம் கரகரப்பும் சேர்ந்திருந்தது. அதை மறைக்கவே இல்லை.

ஒன்று சொல்கிறேன், வெளியே சொல்லாதீர்கள். எனக்கு ஆட வராது. கல்யாண வீட்டில் இழுத்துவிட்டால்கூட நழுவிவிடுவேன். இந்த ஆல்பம் வந்த மாதம் உலகத்தில் பாதி கிளப்புகள் பூட்டிக் கிடந்தன. ஆடுவதற்கென்றே செய்த இசை, ஆட இடமில்லாத நேரத்தில் வந்தது. அந்த வருடம் மர்ஃபியே தன் வீட்டுக்குள் தனியாக ஆடிப் பாடிப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் இரவு பதினோரு மணிக்கு ஹாலில் திரையை இழுத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, டீப்பாயை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆடினேன். 'சிமுலேஷன்' ஆறாவது நிமிடத்தில் இடது முட்டி வலித்தது. நிறுத்தவில்லை. விளக்கு எரிந்தபோது மகள் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் அவளே வந்து, அந்த ஆன்ட்டி பாட்டு எது என்றாள்.

2021இல் பாரட் இதே ஆல்பத்தைப் பிரித்து 'க்ரூக்கெட் மெஷின்' என்று மறுபடி கட்டினார். அது இரண்டாம் வருடப் பாடம், இப்போது வேண்டாம்.

இப்போதைக்கு ஒரு விண்ணப்பம். பாட்டுகளைக் கலைத்துப் போடாதீர்கள், வரிசையாக ஓடவிடுங்கள். போனில் இருக்கும் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பாஸ் கிடையாது. 'ஜெலசி' கடைசிப் பாட்டு. அது முடிவதற்குள் எழுந்து காபி போடப் போகாதீர்கள்.