பாட்டுக்குப் பின்னே வந்த வயது

1970இல் சிகாகோவில் ‘ஃபிஃப்த் பெக்’ என்ற சிறிய அரங்கில் ஒரு தபால்காரர் பாடியதைக் கேட்டுவிட்டு, திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் தன் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பாராட்டுக் கட்டுரை எழுதினார். அந்தத் தபால்காரர் ஜான் பிரைன். வயது இருபத்து நான்கை எட்டிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே அட்லாண்டிக் நிறுவனம் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது; பத்திரிகைகள் அவருக்குப் ‘புதிய டிலன்’ என்று பட்டம் சூட்டின. பாடகர் பாப் டிலனின் புகழ் அவருக்கு வாய்க்கவில்லை. அதனாலோ என்னவோ, பிரைனைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள்: அமர்க்களமாகத் தொடங்கினார், நடுவில் மங்கினார், நோயை வென்று முதுமையில் மீண்டு வந்தார். இது அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தலாம், பாடல்களுக்குப் பொருந்தவில்லை. பிரைன் தொடக்கத்திலேயே வயதானவர்களின் பாடல்களைத்தான் எழுதினார். அவற்றைப் பாடுவதற்கு ஏற்ற குரலும் வயதும் வந்துசேர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன. அவருடைய ஐம்பதாண்டு இசைவாழ்வை இந்த இடைவெளி மெல்ல மெல்ல அடைபட்ட வரலாறாகவே நான் காண்கிறேன்.

முதல் தட்டையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். ‘ஹலோ இன் தேர்’ பாடலில் பேசுபவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கிழவர். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். ஒரு மகனைக் கொரியப் போர் கொண்டுபோய்விட்டது. வீட்டில் அவரும் மனைவியும்தான். இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. ஆலையில் உடன் வேலைபார்த்த நண்பனுக்குத் தொலைபேசியில் பேசலாமா என்று நினைக்கிறார். ‘என்ன விசேஷம்’ என்று அவன் கேட்டால் சொல்வதற்கு என்ன இருக்கிறது? அந்த நினைப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. தனிமை என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டிய தேவையே பாடலுக்கு இல்லை. செய்யாமல் விட்ட ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ‘ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்காமரி’ நடுவயது தாண்டிய ஒரு பெண்ணின் கூற்று. ‘சாம் ஸ்டோன்’ வியட்நாமிலிருந்து பதக்கத்தோடும் போதைப் பழக்கத்தோடும் திரும்பிய சிப்பாயின் கதை; அதை நாம் காண்பது அவன் பிள்ளையின் கண் வழியாக. எழுபதுகளின் தொடக்கத்தில் கிட்டாரோடு மேடையேறிய இளைஞர்கள் பெரும்பாலும் தங்கள் காதலையும் தங்கள் காயத்தையும் பாடினார்கள். பிரைனின் முதல் தட்டில் ‘நான்’ என்று பேசுபவர் பெரும்பாலும் பிரைன் அல்ல.

இருபத்து நான்கு வயது ஆணுக்கு ஒரு மூத்த பெண்ணின் சலிப்பைப் பற்றி என்ன தெரியும், இது வெறும் வேடம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாடகி பானி ரைட் 1974இல் ‘ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்காமரி’யைப் பதிவுசெய்து, அதன்பின் பல பத்தாண்டுகளாக மேடைகளில் பாடிவருகிறார், அது அவருடைய பாட்டாகவே ஆகிவிட்டது. வேடமாக இருந்திருந்தால் ஒரு பெண் அதைத் தன் வயதோடு சேர்த்து இவ்வளவு காலம் சுமந்திருக்க முடியாது. இந்த அறிவு பிரைனுக்கு எங்கிருந்து வந்தது என்பதும் புதிரல்ல. சிறுவயதில் முதியோர் இல்லத்தில் செய்தித்தாள் போட்டிருக்கிறார். பிறகு தபால் சுமந்து வீடுவீடாக நடந்தபோதே பாட்டுகளை மனத்தில் கட்டியிருக்கிறார். பெற்றோர் கென்டக்கியின் மூலன்பர்க் மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக வடக்கே வந்தவர்கள். கோடையில் சென்றுவந்த பூர்வீக ஊரான பாரடைஸ் நிலக்கரிக்காகத் தோண்டப்பட்டு அழிந்தது. அந்த ஊரைப் பற்றி அவர் தந்தைக்காக எழுதிய பாடல் பீபாடி நிறுவனத்தைப் பெயர் சொல்லியே குற்றஞ்சாட்டுகிறது. 2015இல் அந்த நிறுவனத்தின் மீது தொடுக்கப்பட்ட ஒரு வழக்கின் மனுவில் இதன் வரிகள் இடம்பெற்றன. அவற்றை நீக்கும்படி நிறுவனம் கேட்டது, நீதிமன்றம் மறுத்துவிட்டது. இழந்த ஊரை நினைத்து ஏங்குவது வயதானவர்களின் குணம். பிரைன் அதைத் தந்தையிடமிருந்து இளமையிலேயே பெற்றுக்கொண்டார்.

எழுபதுகளின் பிற்பகுதித் தட்டுகள் எல்லாமே சமமான தரத்தில் இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சரிவைவிட முக்கியமானது, பெரிய நிறுவனங்களை விட்டு வெளியேறி எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் ‘ஓ பாய் ரெக்கார்ட்ஸ்’ தொடங்கியது. அடுத்த தட்டின் செலவுக்கு ரசிகர்களே முன்கூட்டிப் பணம் அனுப்பினார்கள். அப்படி வெளிவந்ததுதான் 1984இன் ‘எய்ம்லெஸ் லவ்’. 1991இல் ‘தி மிஸ்ஸிங் இயர்ஸ்’ வந்து கிராமி விருதும் பெற்றது. அவருடைய பிற்கால மலர்ச்சிக்குக் காரணம் இந்த வணிகச் சுதந்திரம்தான், வயதும் குரலும் அல்ல என்று வாதிடுபவர்கள் உண்டு. பாதி உண்மை. சொந்த நிறுவனம் அவருக்குக் கொடுத்தது காலம்: ஆண்டுக்கொரு தட்டு என்ற நெருக்கடி இல்லாமல் காத்திருக்கும் வசதி. ஆனால் காத்திருந்தவர் எல்லாருக்கும் காலம் நல்ல பாட்டைத் தந்துவிடுவதில்லை.

1998இல் கழுத்தில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை கழுத்தின் ஒரு பகுதியை எடுத்துச் சென்றது, கதிர்வீச்சு உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் கெடுத்தது. மறுபடி மேடையேறியபோது குரல் தாழ்ந்து, கரகரத்திருந்தது. பழைய பாடல்களையெல்லாம் சுருதி இறக்கிப் பாட வேண்டியதாயிற்று. பாடகருக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன என்று தோன்றும். ஆனால் இரண்டு காலத்துப் பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். 1971இன் ‘ஹலோ இன் தேர்’ மூக்கொலியும் துடிப்புமுள்ள இளைஞன் ஒரு கிழவரைப் பற்றிச் சொல்வது. பிந்தைய மேடைப் பதிவுகளில் அந்தக் கிழவரே பேசுகிறார். அறுவைக்குப் பிந்தைய குரல்தான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று பிரைனே சொல்லியிருக்கிறார். அது தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்ன சொல்லாக எனக்குப் படவில்லை. தன் பாட்டை நன்கு அறிந்தவரின் கணிப்பு அது.

‘அமெரிக்கானா’ என்ற வகைப்பெயரும் அவருக்குப் பின்னால்தான் வந்தது. வானொலிக்கான அமெரிக்கானா தரவரிசை தொடங்கியது 1995இல். அதற்கான சங்கம் அமைந்தது 1999இல். நாட்டுப்புற இசைக்கும் கன்ட்ரி இசைக்கும் இடையில் எங்கு வைப்பதென்று தெரியாமல் கடைக்காரர்கள் திணறிய ஒருவருக்கு ஐம்பதை ஒட்டிய வயதில் ஒரு வீடு கிடைத்தது. அந்த வீட்டின் அடுத்த தலைமுறையான ஜேசன் இஸ்பெல், அமண்டா ஷைர்ஸ், பிராண்டி கார்லைல் ஆகியோர் 2018இன் ‘தி ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னஸ்’ தட்டில் அவரோடு சேர்ந்து பங்களித்தார்கள். பில்போர்டு பட்டியலில் அது ஐந்தாம் இடத்தில் நுழைந்தது. எழுபத்தொரு வயதில், அவருடைய வாழ்நாளிலேயே உயர்ந்த இடம். அந்தத் தட்டில் சாவைப் பற்றிய பாடலில்கூட சிரிப்பு இருக்கிறது.

2020 ஏப்ரல் 7 அன்று நாஷ்வில் நகரில் கொரோனாத் தொற்றால் பிரைன் இறந்தார். அவர் கடைசியாகப் பதிவுசெய்த பாடல் மறுஆண்டு இரண்டு கிராமி விருதுகளைப் பெற்றது. ‘பாரடைஸ்’ பாடலின் கடைசிப் பகுதியில் பேசுபவர், தான் இறந்தபின் தன் சாம்பலை அந்த ஊர் ஓரமாக ஓடும் கிரீன் ஆற்றில் விடச் சொல்கிறார். பிரைன் அதைப் பதிவுசெய்தது 1971இல். அவருடைய அஸ்தியில் ஒரு பாதி அந்த ஆற்றில்தான் கரைக்கப்பட்டது.